20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கியும் 5,000 எம்ஏஎச் போனுக்கு நாலு தடவை சார்ஜ் ஏறாதது ஏன்?

ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், நாம் கணக்குப் போடும் இடம்தான் தப்பு. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் அளவு. அந்த செல்கள் தருவது சுமார் 3.7 வோல்ட், யூஎஸ்பி வழியாக வெளியே வருவதோ சாதாரணமாக 5 வோல்ட். அதனால் எம்ஏஎச்சை (மில்லி ஆம்பியர் அவர்) விட்டுவிட்டு, வோல்ட்டையும் சேர்த்து மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட் அவரில் பாருங்கள்: 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர் அவரை 3.7 ஆல் பெருக்கினால் 74 வாட் அவர், அதை 5 ஆல் வகுத்தால் 14,800 எம்ஏஎச்தான் வரும். இதிலும் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் கொஞ்சத்தைச் சூடாக வீணாக்கும், கேபிள் கொஞ்சம் தின்னும், அப்புறம் போன் அந்த 5 வோல்ட்டை மறுபடியும் இறக்கித்தான் தன் பேட்டரிக்குள் விடுகிறது, அங்கேயும் கொஞ்சம் போகும். எல்லாம் போக மூன்று தடவை ஏறினால் நல்ல பவர் பேங்க் என்றே சொல்வேன். சார்ஜில் போட்டுக்கொண்டே ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு அதுவும் கிடைக்காது!

பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ (நிஜமாக வெளியே கிடைக்கும் அளவு) என்று 12,000 சொச்சம் போட்டிருக்கும். கடையில் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். அதைப் போடாமல், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசாக இருக்கிற பாதி விலைச் சரக்கு என்றால் தொடவே வேண்டாம்.

விமானத்தில் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 100 வாட் அவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை, உங்களுடையது 74தான். ஆனால் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.