பேச்சு தடுமாறுகிறது, புரையேறுகிறது

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் கணவருக்கு வயது 63. ஒன்றரை வருடமாகத் திணறித் திணறிப் பேசுகிறார். வாக்கியம் பாதியில் உடைகிறது. நரம்பியல் மருத்துவர் 'பிரைமரி புரோகிரஸிவ் அஃபேசியா' என்றார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்று இரண்டு மொழி பேசியதால் வந்ததா? வல்லாரை மாத்திரை தருகிறேன். தினமும் படம் காட்டிப் பெயர் கேட்டால் கோபப்படுகிறார். அடிக்கடி கொட்டாவி, புரையேறுதல். இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. என்னையும் மறந்துவிடுவாரா?

பதில்: அம்மா, இப்போது அவர் உங்களை மறக்கவில்லை. மருத்துவர் சொன்ன நோய், மூளையில் மொழியைக் கவனிக்கும் பகுதிகள் மெல்ல மெல்லத் தேய்வதால் வருவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதில் முதலில் பேச்சை மட்டும் தாக்கும் வகைபோல் தெரிகிறது. இந்த வகையில் நினைவும், முகம் அறிவதும், நாம் சொல்வதைப் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் வெகுகாலம் தாங்கும். நோய் நாளாக நாளாக முற்றும். தடுத்து நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆகவே அவரால் முடிகிறபோதே செய்ய வேண்டியவை இருக்கின்றன.

அதற்கு முன், கடைசியில் ஒரு சொல்லாகப் போட்டிருக்கிறீர்களே, புரையேறுதல், அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போகிற விஷயமல்ல இது. பேச்சை இயக்கும் தசைகள்தான் விழுங்கவும் உதவுகின்றன. தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, சாப்பிட முன்பைவிட நேரமாகிறதா என்று கவனியுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். விழுங்குதலையும் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கட்டும். அண்ணாந்து குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே மருத்துவமனை.

படப் பரீட்சையை விட்டுவிடுங்கள். ஆயுள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டவரிடம் வாழைப்பழத்தைக் காட்டி 'இது என்ன?' என்றால் கோபம் வராதா? 'என்ன வேணும்?' என்பதைவிட 'இட்லியா, தோசையா?' என்று கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், அவர் தேடும் சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். எழுத வந்தால் எழுதட்டும், தலையசைத்தாலும் அது பதில்தான். பேரப்பிள்ளைகள், உணவு, மருந்து, போகிற இடங்கள் ஆகியவற்றின் படங்களைச் செல்போனில் சேர்த்து வையுங்கள். எவை வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலை இப்போதே பதிவு செய்யுங்கள். சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: 'எனக்குப் பேசச் சிரமம். நீங்கள் சொல்வது புரியும். கொஞ்சம் பொறுங்கள்.' கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் அவரைக் குடிகாரர் என்று நினைத்துவிடக் கூடாது. தெரபிஸ்ட் பயிற்சி தரும்போது நீங்களும் கூடவே உட்காருங்கள். பாதிப் பயிற்சி உங்களுக்குத்தான்.

இரண்டு மொழியால் இது வராது. 2013இல் வெளியான ஹைதராபாத் ஆய்வில், டிமென்ஷியா (இந்த நோயும் சேர்ந்த மறதி நோய்க் குடும்பம்) வந்த 648 பேரில் இருமொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. தெலுங்கோ தமிழோ, எது எளிதாக வருகிறதோ அதில் பேசட்டும். அடிக்கடி கொட்டாவி வருவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள். கடையில் வாங்கிய மாத்திரை வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்தப் புட்டியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.