மாருதி 800 என்ஜினை வைத்துச் சின்ன விமானம் பறக்கவிட முடியுமா?

வள்ளியூர் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டில் ஒரு மாருதி 800 என்ஜின் சும்மா கிடக்கிறது, ஒற்றை ஆள் பறக்கிற விமானத்துக்கு அதை மாற்றியமைக்கலாமா, எங்கே சிக்கல் வரும் என்று. நான் திருநெல்வேலி பேட்டையில் என்ஜின் ரீகண்டிஷன் பட்டறை வைத்திருக்கிறேன். விமானம் ஓட்டியதில்லை. ஆனால் இதே என்ஜினில் புரொப்பல்லர் மாட்டித் தரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

முடியும். 1929இலேயே அமெரிக்காவில் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜினை வைத்து விமானம் பறக்கவிட்டார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ஜினில் பறக்கும் விமானங்கள் ஏராளம். சுசுகியின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் என்ஜினையும் வெளிநாட்டில் நிறையப் பேர் மாற்றியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அதற்குத் தம்பி மாதிரி.

முதலில் வேகக் கணக்கு. உங்கள் 796 சிசி என்ஜின் தன் 37 குதிரைத்திறனைக் கொடுப்பது 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில். ஐந்தடி புரொப்பல்லரை நேராக என்ஜினின் சுழல் தண்டான கிராங்கில் மாட்டி அந்த வேகத்தில் சுற்றினால், புரொப்பல்லர் இறக்கையின் நுனி நொடிக்கு 400 மீட்டர் போகும். ஒலியின் வேகமே 340 மீட்டர்தான். அதைத் தாண்டினால் சத்தம் காதைக் கிழிக்கும், முன்னால் இழுக்கிற இழுப்பும் குறைந்துவிடும். ஆகவே சுற்றைப் பாதியாகக் குறைக்க நடுவில் ஒரு கியரோ பெல்ட்டோ வேண்டும். விமானத்துக்கென்றே செய்த ரோட்டாக்ஸ் 912கூட 5800 சுற்றை கியர் வைத்துக் குறைத்துத்தான் புரொப்பல்லருக்குக் கொடுக்கிறது. லைகமிங் மாதிரி விமான என்ஜின்கள் 2700 சுற்றிலேயே முழு சக்தி தரும்படி பெரிய சிலிண்டரோடு வருவதால் நேராக மாட்டுகிறார்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது இந்த நடுப்பகுதியில்தான். என் அக்கா மகன் கல்லூரி புராஜெக்ட்டுக்காக, மானூர் பக்கம் ஒரு தரிசில் காங்கிரீட் போட்டு, சேனல் இரும்பில் என்ஜினை இறுக்கினோம். எடை குறையட்டும் என்று கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, பல் வைத்த பெல்ட்டுக்கான புல்லியை நேராக கிராங்கில் போல்ட் போட்டோம். ஸ்டார்ட் ஆனது. ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, 1100 சுற்று பக்கம் வந்ததும் ஸ்டாண்டு முழுவதும் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் அடங்கியது. சரி, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு. இரண்டாம் நாள் புல்லியைத் தடவினால் விரலில் கறுப்பு மாவு, ரப்பர் பொடி. மூன்றாம் நாள், “மாமா, பெல்ட்டு தெறிச்சிட்டு” என்று கத்தினான். ஒரு பக்கத்துப் பல் வரிசையாக வழித்தெடுத்தது போல் போயிருந்தது.

காரணம் இதுதான். மூன்று சிலிண்டர் என்ஜின் சீராகத் திருகுவதில்லை. கிராங்க் 240 டிகிரி சுற்றுவதற்கு ஒரு குத்து கொடுக்கும். காரில் அந்தக் குத்தை ஃப்ளைவீலும், கிளட்ச் பிளேட் நடுவில் இருக்கிற ஸ்பிரிங்குகளும் வாங்கிக்கொள்ளும். நாங்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, மறுமுனையில் கனமான புரொப்பல்லரை மாட்டிவிட்டோம். என்ஜினின் குத்தும், பெல்ட்டும் தண்டும் முறுக்கித் திரும்பும் இயல்பான அதிர்வும் ஒரு வேகத்தில் ஒன்றுசேர்ந்துகொண்டன. பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது நினைவிருக்கும். அதன் சேதத்தை நான் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். அப்புறம் ஃப்ளைவீலைத் திரும்பப் போட்டு, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியை லேத்தில் கடைந்து, ஸ்பிரிங்கோடு புல்லிக்கு நடுவில் வைத்தோம். அடிக்கிற வேகம் ஐடிலுக்குக் கீழே இறங்கிவிட்டது. என்ஜினை நிறுத்தும்போது மட்டும் ஒரு உலுக்கு உலுக்கும்.

புரொப்பல்லர் முன்னால் இழுக்கிற இழுப்பையும் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தலையில் கட்டாதீர்கள். அது கிளட்ச் மிதிக்கும்போது வரும் தள்ளலுக்கு மட்டும் செய்தது. புரொப்பல்லரைச் சுற்றும் மேல் புல்லிக்குத் தனித் தண்டு, தனி பேரிங் போடுங்கள்.

அடுத்தது சூடு. மதுரை ரோட்டில் 80இல் போகும்போது இந்த என்ஜினிடம் கேட்பது பாதி சக்திகூட இல்லை. விமானம் மேலேறும்போது முழுதையும் கேட்கும், அப்புறமும் முக்கால்வாசியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் ரேடியேட்டர் பத்தே நிமிடத்தில் கொதித்தது.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில், மெர்சிடிஸ் கார் டீசல் என்ஜினிலிருந்து வந்த இரண்டு என்ஜின்கள் பூட்டிய டைமண்ட் டிஏ42 விமானம் ஒன்றை, பேட்டரி இறங்கியிருந்ததால் வெளிக் கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். மேலே எழும்பிச் சக்கரத்தை உள்ளே இழுத்ததும் மோட்டார் கரண்டை உறிஞ்சியது. வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்கள் அணைந்தன, இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன. அவ்வளவு பெரிய கம்பெனி சோதித்து, சான்றிதழ் வாங்கிய விமானம் அது! உங்களுடையது கார்புரேட்டர் மாடலானாலும் இக்னிஷனுக்குக் கரண்ட் வேண்டும். இரண்டாவது பேட்டரி, தனி வயர், தனி சுவிட்ச் கட்டாயம்.

பறப்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் அதற்குப் பல வருடம் அலைந்தார். உங்கள் ஊரைச் சுற்றிக் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கின்றன, கேட்காமல் ஒரு அடிகூட மேலே எழும்பாதீர்கள். தரையில் ஓட்டத் தடையில்லை. அந்த மகேந்திரகிரியிலேயே ராக்கெட் என்ஜினை ஸ்டாண்டில் கட்டி வைத்துத்தானே ஓட்டிப் பார்க்கிறார்கள். நீங்களும் முதலில் 50 மணி நேரம் அப்படி ஓட்டுங்கள். புரொப்பல்லர் சுற்றும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள். தினமும் நிறுத்தியதும் புல்லியை விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் காரின் பழைய கிளட்ச் பிளேட் இருந்தால் ஆக்கர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.