வலைக்கு உருக்கும் ஈயமும் பிள்ளையின் இரத்தமும்

கேள்வி: கணவர் பழைய பற்றரி ஈயத்தை முற்றத்தில் தாச்சியில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார். நான்கு வயது மகன் வெளிறிப்போயிருக்கிறான், வயிற்றுவலி, மலச்சிக்கல். மூன்று மாதம் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. ஈயம்தான் காரணமா?
— ஒரு தாய், திருக்கடலூர்

பதில்: இருக்கலாம் அம்மா. இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள்.

இரும்பு வயிற்றுக்குள் போனால் மட்டும் இரத்தம் ஊறாது. எலும்பு மச்சையில் சில நொதிகள் படிப்படியாக, சிவப்பணுவுக்கு நிறம் தரும் ஹீம் என்ற மூலக்கூறைக் கட்டி, கடைசிப் படியில் இரும்பை அதற்குள் பொருத்த வேண்டும். ஈயத்துக்குக் கந்தகத்தின்மேல் பெரும் பற்று. நொதியில் கந்தகம் இருக்கும் இடத்தில் ஒட்டி, அங்கிருந்த துத்தநாகத்தைத் தள்ளிவிடும். நொதி முடங்கும். இரும்பைப் பொருத்தும் கடைசி நொதிக்கும் அதே கதிதான். கலத்தைக் காக்கும் குளுதாதயோனிலும் கந்தகம் உண்டு. அதுவும் குறைய, கலமென்சவ்வு சிதைந்து சிவப்பணுக்கள் வேளைக்கு முன்பே உடையும். மூளையில் ஈயம் கல்சியத்தின் வழிகளில் புகுந்து நரம்புச் செய்திகளைக் குழப்பும். வளரும் மூளைக்கு அந்தச் சேதம் திரும்பாமலே போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

விழுங்கும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுக்கும். பிள்ளையின் உடல் பாதிவரை எடுக்கும். இரும்பு குறைந்திருந்தால் இன்னும் கூடும். ஆகவே இரும்பு மருந்தை நிறுத்தவேண்டாம்.

இரத்த ஈய அளவை நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தினால் தோலிலுள்ள தூசு அளவைக் கூட்டிக் காட்டும். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் என்றால் ஈயம் வரும் வழியைக் கண்டு அடைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவை. அது வைத்தியசாலைக் கண்காணிப்பில் மட்டுமே. முற்றத்தில் உருக்கிக்கொண்டே அந்த மருந்தைக் கொடுப்பதில் பயனில்லை.

வீட்டில் உருக்குவதை இன்றே நிறுத்துங்கள். பற்றரித் தகட்டிலுள்ள ஒட்சைட்டுத் தூள்தான் மிக மோசம். முற்றத்தையும் தரையையும் உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூள் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தாச்சி இனிச் சமையலுக்கு வேண்டாம். கணவரின் வேலை உடுப்பைத் தனியே தோயுங்கள். குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். சாப்பிடுமுன் மகனின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இரத்தத்தில் ஈயம் பாதியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பிலோ ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆகவே மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கணவரும் நீங்களும் பரிசோதியுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ஈயம் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகும். மகன் தொடர்ந்து வாந்தியெடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ முடிவுக்குக் காத்திராமல் உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.