எச்டிஆர் போட்டால் திரை ஏன் சாம்பலாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பல ஒரே சங்கதியைச் சுற்றி வந்தன. லினக்ஸ் போட்ட லேப்டாப், அதில் இரண்டு கிராபிக்ஸ் சிப், அதோடு எச்டிஆர், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் சாதாரணத் திரையைவிட விரிவாகக் காட்டும் முறை. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்: அண்ணா, நான் கல்யாணம், காவடி என்று வீடியோ எடுப்பவன். என் லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கின்றன. போட்டிருக்கும் லினக்ஸ் டெபியன் 13, டெஸ்க்டாப் கேடிஈ பிளாஸ்மா. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை மாட்டி எச்டிஆரை ஆன் செய்தால் திரை முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. ஆனால் லேப்டாப்பின் சொந்தத் திரையில் எச்டிஆர் நன்றாகவே தெரிகிறது. மானிட்டரை மாற்றவா, லினக்ஸை மாற்றவா?

தம்பி, இரண்டையும் மாற்ற வேண்டாம். அந்த எச்டிஎம்ஐ போர்ட் எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். என்னிடம் வருபவர்கள் பலரும் இதைப் பார்க்காமலே டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருளை) அழித்து, திரும்பப் போட்டு, கடைசியில் முழு சிஸ்டத்தையும் புதிதாக ஏற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

இரட்டைச் சிப் லேப்டாப்களில் சொந்தத் திரை பெரும்பாலும் இன்டெல் சிப்பிலிருந்து வரும். எச்டிஎம்ஐ போர்ட் பல மாடல்களில் நேராக என்விடியாவுக்குப் போகும். யுஎஸ்பி-சி போர்ட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, மாடலுக்கு மாடல் மாறும். இதெல்லாம் போர்டில் கம்பி ஓடிய விதம். எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. பயாஸில் சிப்பை மாற்றும் வசதி உள்ள சில லேப்டாப்கள் மட்டும் விதிவிலக்கு. ஆக, உங்கள் சொந்தத் திரைக்கு எச்டிஆர் தருவது ஒரு டிரைவர், மானிட்டருக்குத் தருவது வேறொரு டிரைவர். ஒன்று ஒழுங்காக வேலை செய்வதை வைத்து மற்றதும் ஒழுங்கு என்று சொல்ல முடியாது.

போர்ட் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க ஃபைல் மேனேஜரே போதும். மானிட்டரை மாட்டிவிட்டு, ரூட்டில் ‘சிஸ்’, அதற்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’ என்று போங்கள். கார்டு0, கார்டு1 என்று தொடங்கும் கோப்புறைகள் வரிசையாக இருக்கும். பெயரில் எச்டிஎம்ஐ என்று வருபவற்றில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற கோப்பைத் திறந்து, ‘கனெக்டட்’ என்று எழுதியிருப்பது எது என்று பாருங்கள். ஒரே போர்ட் இரண்டு இடத்தில் தெரிந்தால் குழம்ப வேண்டாம், கனெக்டட் சொல்வதுதான் கணக்கு. அது கார்டு1 என்றால், கார்டு1-க்குள் ‘டிவைஸ்’, அதற்குள் ‘வெண்டார்’. அந்தக் கோப்பில் ஒரு எண் இருக்கும். 8086 என்று முடிந்தால் இன்டெல். 1002 என்றால் ஏஎம்டி. 10-க்குப் பின் இரண்டு எழுத்து வந்தால் என்விடியா.

உங்களுக்கு என்விடியா என்றுதான் வரும் என்று நினைக்கிறேன். அடுத்து, எச்டிஆரை ஆன் செய்து, திரை சாம்பலாக இருக்கும்போதே, மானிட்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அதன் தகவல் பக்கத்தைத் திறங்கள். வந்துகொண்டிருக்கும் சிக்னல் எச்டிஆரா இல்லையா என்று பல மானிட்டர்கள் அங்கே சொல்லிவிடும்.

மானிட்டர் ‘எஸ்டிஆர்’ (எச்டிஆர் இல்லாத சாதாரண முறை) என்று சொன்னால் கோளாறு வழியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் எச்டிஆர் கணக்கில் படத்தை அனுப்புகிறது. ‘இது எச்டிஆர்’ என்ற குறிப்பு மட்டும் மானிட்டருக்குப் போய்ச் சேரவில்லை. எச்டிஆர்10 முறையில் வெளிச்ச அளவு 10,000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை போகும் ஒரு வளைவில் எழுதப்படுகிறது. மானிட்டர் அதைச் சாதாரண வளைவு என்று நினைத்துப் படித்தால் கறுப்பு மேலே ஏறும், வெள்ளை கீழே இறங்கும், நிறம் வெளுக்கும். நீங்கள் சொல்லும் சாம்பல் இதுதான். நடுவில் அடாப்டரோ டாக்கோ இருந்தால் கழற்றிவிட்டு நேராக மாட்டுங்கள்; மலிவான அடாப்டர்கள் சில இந்தக் குறிப்பை விழுங்கிவிடும். மானிட்டர் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ‘டீப் கலர்’, ‘யுஎச்டி கலர்’ என்ற பெயரில் ஒன்று இருந்தால் ஆன் செய்யுங்கள். அப்புறம் என்விடியா டிரைவர். டெபியனின் நிலையான பதிப்பு டிரைவரைப் பழசாகவே வைத்திருக்கும், என்விடியா பக்கமோ எச்டிஆர் வேலை புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. கிடைப்பதில் புதியதற்கு மாறுங்கள்.

மானிட்டர் ‘எச்டிஆர்’ என்று சொல்லியும் டெஸ்க்டாப் மங்கலாக இருந்தால் அது கோளாறே இல்லை. எச்டிஆரில் சாதாரண வெள்ளைக்குச் சுமார் 203 நிட் என்பது வழக்கமான அளவு. மானிட்டரை எப்போதும் முழு வெளிச்சத்தில் வைத்துப் பழகிய கண்ணுக்கு அது மங்கலாகத்தான் படும். பிளாஸ்மாவின் திரை செட்டிங்கில் எஸ்டிஆர் வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதை ஏற்றுங்கள். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976-ல்தான். அந்தக் காலத்துப் பெட்டிகளைப் பழுது பார்த்தே தொழில் கற்றவன் நான். ‘பழைய பெட்டி பளிச்சென்று இருந்ததே’ என்று புதுப் பெட்டி வாங்கியவர்கள் சொல்லாத நாள் கிடையாது.

டெஸ்க்டாப்பை வைத்து எச்டிஆரை எடை போடாதீர்கள். கேமராவில் எச்எல்ஜி என்ற எச்டிஆர் முறையில் எடுத்த காவடி வீடியோ உங்களிடம் இருக்குமே, சூடத் தட்டு வரும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் 0.40 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், வேலண்டில் (லினக்ஸ் திரையில் படம் காட்டும் புதிய முறை; பழையது எக்ஸ்11) எச்டிஆரை நேராக அனுப்ப முடியும். எச்டிஆர் இல்லாத திரையில் சூடம் வெறும் வெள்ளைத் திட்டு. சரியாக அமைந்த திரையில் அடியில் வெளிர் மஞ்சள், நுனியில் கறுப்புப் புகையோடு கலக்கும் ஆரஞ்சு, தட்டின் விளிம்பில் அடிக்கும் பளபளப்பு, எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பின்னால் நிற்பவர்களின் முகமும் இருட்டில் அமுங்காது. இவையெல்லாம் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் எதையும் நோண்டாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: எனக்கு எச்டிஆர் என்ற தேர்வே செட்டிங்கில் இல்லை. குபுண்டு 24.04. மானிட்டர் புதுசு, ஐயா.

மானிட்டர் மேல் தப்பில்லை. குபுண்டு 24.04-ல் இருப்பது பிளாஸ்மா 5.27. எச்டிஆர் வந்தது பிளாஸ்மா 6.0-ல், 2024 பிப்ரவரி கடைசியில். குபுண்டு ஏப்ரலில் வெளிவந்தாலும் பழைய பிளாஸ்மாவோடுதான் வந்தது. சாதாரண உபுண்டு 24.04-லும் இதே கதை. அதில் இருப்பது குனோம் என்ற டெஸ்க்டாப்பின் 46-ம் பதிப்பு. செட்டிங்கில் எச்டிஆர் பொத்தான் வந்தது குனோம் 48-ல், 2025 மார்ச்சில். உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் நம் நாட்டுக்காரர், அதனால் இங்கே அதன் மேல் ஒரு தனிப் பாசம் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் எச்டிஆர் வேண்டுமென்றால் புதிய பதிப்புக்குப் போக வேண்டும், அல்லது டெபியன் 13, ஃபெடோரா மாதிரி ஒன்றுக்கு.

பதிப்பு மாற்றிய பின், உள்ளே நுழையும் திரையில் எக்ஸ்11 என்பதற்குப் பதில் வேலண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். எக்ஸ்11-ல் எச்டிஆர் கிடையாது, எந்த டிரைவர் போட்டாலும் வராது.

டோங்காட் வாசகர்: லேப்டாப்பில் இரண்டு சிப்பும் ஏஎம்டி. டிவி 4கே, 120 ஹெர்ட்ஸ். லினக்ஸில் எச்டிஎம்ஐ வழியாக 60-க்கு மேல் போக மறுக்கிறது, எச்டிஆர் போட்டால் எழுத்து ஓரமெல்லாம் கலங்குகிறது. கேபிள் சரியில்லையா?

கேபிள் நல்ல கேபிள்தான். இது வழக்கு மாதிரி ஒரு விவகாரம். எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டது; எச்டிஎம்ஐ தரத்தைக் கையில் வைத்திருக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-ல் மறுத்துவிட்டது. அதனால் பழைய 2.0-வின் வினாடிக்கு 18 கிகாபிட் என்ற அளவுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. 4கே, 60 ஹெர்ட்ஸ், எச்டிஆருக்கு வேண்டிய 10 பிட் நிறம் மூன்றையும் முழு நிறத்தோடு அதற்குள் திணிக்க இடமில்லை, நிறத்தகவலைப் பாதியாக்கித்தான் அனுப்ப முடியும். எழுத்து கலங்குவது அதனால். சினிமா பார்க்க இது போதும், வித்தியாசம் தெரியாது. எழுத்து வேலைக்கு டிவியை விட்டுவிட்டு, டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரை யுஎஸ்பி-சி வழியாக மாட்டுங்கள்.

இன்னொன்று, ஆன்லைன் சினிமா சேவைகளை லினக்ஸ் பிரவுசரில் திறந்து 4கே எச்டிஆர் வரவில்லை என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அது வராது. திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டு அவர்கள் பக்கம் இருக்கிறது. டிவியின் சொந்தச் செயலியிலேயே பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: லோட்ஷெட்டிங் நேரத்தில் இன்வெர்ட்டரில் மானிட்டரையும், பேட்டரியில் லேப்டாப்பையும் ஓட்டினேன், அண்ணா. மானிட்டர் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எச்டிஆர்தான் காரணமா?

பாதிதான், தங்கச்சி. மானிட்டர் என்விடியாவின் போர்ட்டில் மாட்டியிருந்தால் அந்தச் சிப் தூங்கவே முடியாது, நீங்கள் வெறும் கடிதம் தட்டச்சு செய்தாலும் விழித்தே இருக்கும். மேலே ஃபீனிக்ஸ் தம்பிக்குச் சொன்ன வழியில் இன்டெல் சிப்போடு சேர்ந்த யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் மாட்டுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப் திரையின் எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள், பின்விளக்கு முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும்.

லெனேசியா வாசகர்: ‘எச்டிஆர் 400’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மானிட்டர் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

எச்டிஆருக்காக என்றால் வேண்டாம். அந்தத் தரம் கேட்பது 400 நிட் உச்ச வெளிச்சம். திரையின் இருட்டுப் பகுதியைத் தனியாக மங்கச் செய்யும் வசதி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் பெரிதாக எதையும் காட்டாது. ஓஎல்இடி திரைகளுக்கு ‘ட்ரூ பிளாக்’ என்று தனித் தரம் இருக்கிறது, அது வேறு ரகம். காசு குறைவென்றால் இந்தத் தள்ளுபடி மானிட்டரையே சாதாரண மானிட்டராக நினைத்து வாங்கி, எச்டிஆரை ஆன் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள்.