தாத்தா காலத்துக் கண்ணாடியா? கவிழ்த்துப் பாருங்கள்

பழைய கண்ணாடிப் பாட்டில், கிண்ணம், டம்ளர் பற்றி வந்த கடிதங்களில் பாதி, 'இது எவ்வளவுக்குப் போகும்?' ரகம். விலை அப்புறம். படம் அனுப்புகிறவர்கள் அடிப்பாகத்தையும் விளிம்பையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். ஷோகேஸுக்குள் வைத்துத் தூரத்தில் எடுத்த படத்தை வைத்து என்ன சொல்வது?

பழைய வீட்டை இடித்தபோது ஒரு கோலி சோடா பாட்டில் கிடைத்தது. 'டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி' என்று புடைப்பெழுத்தில் இருக்கிறது. சீமைப் பாட்டிலா? – மதுரை வாசகர்

சீமையேதான். பார்ன்ஸ்லி இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து ஊர். கோலி அடைப்பு வைத்த பாட்டிலுக்கு ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். அந்த வகைப் பாட்டில்களைச் செய்தவர்களில் ரைலண்ட்ஸும் ஒருவர். பாட்டிலைத் தலைகீழாக வைத்துச் சோடா நிரப்புவார்கள். கோலி கீழே இறங்கி வாயில் உள்ள ரப்பர் வளையத்தில் உட்காரும். உள்ளே இருக்கும் கேஸ் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் இரண்டு குழிகள் தெரிகிறதா? ஊற்றும்போது கோலி வாய்க்கு ஓடி வந்து அடைக்காமல் அங்கே மாட்டிக்கொள்ளும்.

எழுத்து இருந்தாலே பழசு என்று முடிவு கட்ட வேண்டாம், அச்சு வைத்து யாரும் எழுத்துப் போடலாம். அடியில் தரையைத் தொடும் வளையத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காகப் புழங்கிய பாட்டிலில் நுண்கீறல்கள் கன்னாபின்னாவென்று எல்லாப் பக்கமும் ஓடும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் 'பழசாக்கிய' பாட்டிலில் கோடுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். முழுக்கக் கருநீலத்தில் பளபளக்கிற கோலி பாட்டில் மலிவாகக் கிடைத்தால் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தில் அசல் அபூர்வம்.

கோலி உள்ளே இருக்கிறதா என்று எழுதவில்லையே! கோலிக்காகவே பாட்டிலை உடைத்த பையன்கள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. முழுசாக இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 'யுரேனியம் கண்ணாடி, தொடாதே' என்கிறார் நண்பர். – கோவை வாசகி

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா (யூவி) டார்ச்சை இருட்டறையில் அடித்துப் பாருங்கள். கிண்ணம் முழுக்க எலுமிச்சைப் பச்சையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் நண்பர் சொன்னது சரி, அது யுரேனியம் கலந்த கண்ணாடிதான். மங்கலாக லேசாக ஒளிர்ந்தால் அது மாங்கனீசு என்ற உலோகம் கலந்த கண்ணாடியாகவும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இந்தச் சரக்கு பிரபலமாகி, பிறகு அமெரிக்கா வரை போனது. கதிர்வீச்சு மிகக் குறைவு. அலமாரியில் வைப்பதற்கும் கையில் எடுப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை. ஊறுகாய், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புச் சமாச்சாரம் மட்டும் அதில் வேண்டாம்.

அமெரிக்காவில் பழைய சாமான் கடையில் இளஞ்சிவப்புக் கண்ணாடி ஜக் வாங்கினேன். செர்ரிப் பூ டிசைன். அடியில் முத்திரை எதுவும் இல்லை. ஏமாந்துவிட்டேனா? – நியூஜெர்சி வாசகி

முத்திரை இல்லாததற்காகக் கவலைப்படாதீர்கள். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வந்த மலிவுக் கண்ணாடியில் பெரும்பாலும் முத்திரை கிடையாது. உங்கள் ஜக்கில் இருக்கும் 'செர்ரி பிளாசம்' அமெரிக்காவின் ஜெனெட் கண்ணாடிக் கம்பெனியின் டிசைன். சிக்கல் வேறு இடத்தில்: 1970களிலிருந்து இதற்கு நகல்கள் வருகின்றன. ஜக்கைக் கவிழ்த்து அடியில் உள்ள செர்ரிகளை எண்ணுங்கள். அசலில் ஒன்பது, நகலில் ஏழு. இலை நரம்புகளையும் பாருங்கள், நகலில் வழவழவென்று தட்டையாக இருக்கும்.

இன்னொன்று, முத்திரை உள்ள சரக்கு வாங்கும்போது கவனம். பெரிய எச், அதன் கால்களுக்கு நடுவே சின்ன ஏ இருந்தால் அது ஹேசல்-அட்லஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முத்திரை. நங்கூரமும் எச்சும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால்தான் ஆங்கர் ஹாக்கிங் என்ற இன்னொரு கம்பெனி. விற்கிறவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எண்ணெய் படிந்த மாதிரி வானவில் நிறம் அடிக்கும் டம்ளர்கள், அடியில் 'ஜெயின்' என்று இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கா? – திருச்சி வாசகர்

இல்லை, நம் ஃபிரோசாபாத். வளையலுக்குப் பேர்போன அதே ஊர். ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் செய்தது. சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் இந்த மினுமினுப்பு வரும். 'கார்னிவல் கண்ணாடி' என்பார்கள். அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி 1907 வாக்கில் இதைத் தொடங்கியது. இந்திய டம்ளர்களைத் தேடி வாங்குகிற சேகரிப்பாளர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நம் ஆட்களோ பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார்கள், என்னத்தைச் சொல்ல! கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், மினுமினுப்பு போய்விடும்.

ஊதா நிறப் பழைய மருந்துப் பாட்டிலுக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள். – சேலம் வாசகர்

வாங்காதீர்கள். இரும்பினால் வரும் பச்சைச் சாயலை மறைக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு கலந்தார்கள். அப்படிப்பட்ட கண்ணாடி வெயிலில் பல வருஷம் கிடந்தால் வெளிர் ஊதாவாகும். உங்கள் படத்தில் இருப்பதோ கத்தரிக்காய் நிறம். கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக ஏற்றினால் இவ்வளவு அடர்த்தி வரும்.

பூட்டன் காலத்துக் கட்கிளாஸ் (வெட்டி வேலைப்பாடு செய்த கண்ணாடி) கிண்ணத்தில் வெள்ளைப் படலம். எப்படிப் போக்குவது? – காரைக்குடி வாசகி

வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர்க் கறையாக இருந்தால் கரைந்துவிடும். போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது, வீட்டு வைத்தியம் உதவாது. கட்கிளாஸ்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்: வெட்டின ஓரம் விரலில் கூர்மையாகத் தட்டுப்படும், அச்சில் வார்த்தது மழுங்கலாக இருக்கும்.