பாசியிலிருந்து கராஜீனன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்த்து, உலர்த்தி விற்கிறோம். ஆலையில் அதிலிருந்து கராஜீனனை எப்படி எடுக்கிறார்கள்? வீட்டிலேயே எடுக்க முடியுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: பாசியின் செல்சுவரில் உள்ள நீண்ட சர்க்கரைத் தொடரே கராஜீனன்; உணவைக் கெட்டியாக்கவும் கூழாக உறையவைக்கவும் உதவும் பசை இது. வெறும் நீரில் வேகவைத்தாலும் பசை இறங்கும். ஆனால், தொடரில் ஆங்காங்கே கூடுதலாக ஒட்டியிருக்கும் சல்பேட், தொடர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள விடாததால், அந்தப் பசை போதிய அளவு உறையாது. அதனால்தான் ஆலையில் பாசியைச் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் சூடான கரைசலில் ஊறவைக்கிறார்கள். காரம் அந்தச் சல்பேட்டை நீக்குகிறது. பொட்டாசியமோ கராஜீனனைக் கரையவிடாமல் பாசிக்குள்ளேயே நிறுத்திவைக்க, உப்பும் நிறமியும் பெருமளவு வெளியேறிவிடுகின்றன. அதைக் கழுவி, உலர்த்தி, அரைத்தால் கிடைப்பது அரைச் சுத்திகரிப்புத் தூள். பாசியின் நார்ப்பொருளான செல்லுலோஸ் அதிலேயே தங்கிவிடுவதால் அதன் கூழ் கலங்கலாக இருக்கும். தெளிந்த கூழ் வேண்டுமானால், வெந்நீரில் பசையை முழுவதும் கரைத்து வடிகட்டி, ஆல்கஹால் சேர்த்து நாராகத் திரளச் செய்வார்கள். அல்லது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் உறையவைத்து, பிழிந்து நீரை அகற்றுவார்கள்.

வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். சூடான காரம் கண்ணையும் தோலையும் அரித்துவிடும். உணவில் சேர்ப்பதற்குரிய தூய்மையும் அடுப்படியில் கிடைக்காது. உங்கள் உழைப்புக்கு மதிப்புக் கூடுவது அறுவடையிலும் உலர்த்தலிலும்தான். சுமார் 45 நாள் வளரவிடாமல் பணத்தேவைக்காக முன்பே அறுத்தால் பசையின் உறுதி குறையும். மணலில் கொட்டாமல் பரண் மீது வலை விரித்துக் காயவைப்பதும், மழை நீர் படாமல் மூடுவதும் மிக முக்கியம். நன்னீரில் நனைந்த பாசி தரமிழந்துவிடுகிறது. அரைகுறையாகக் காய்ந்தது மூட்டைக்குள்ளேயே வெதும்பிக் கெடும்.

கேள்வி: சாக்லேட் பால் பெட்டியில் '407' என்று இருக்கிறது. அது கெடுதலா?
– வாசகர், மதுரை

பதில்: அந்த எண் கராஜீனனைக் குறிப்பது. பாலில் உள்ள கேசின் புரதத்தோடு பிணைந்து மிக மெல்லிய வலையாகி, கோகோத் தூள் அடியில் படியாமல் தாங்குவதால், பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு சேர்த்தாலே போதும். கராஜீனனை அமிலத்தில் காய்ச்சிச் சிதைத்துப் பெறும் பொலிஜீனன் என்ற பொருள் ஆய்வக விலங்குகளின் குடலைப் புண்ணாக்கியதால் எழுந்த அச்சம் கராஜீனன் மீதும் படிந்துவிட்டது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 2014-இல் ஆராய்ந்து, குழந்தைப் பால்மாவில்கூட லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை கவலைப்பட ஏதுமில்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியமோ, பிறந்த குழந்தைகளுக்கான பால்மாவில் இதை இன்னும் அனுமதிக்கவில்லை. பெரியவர்களைப் பொறுத்தவரை, அந்தப் பாலில் உள்ள சர்க்கரையின் அளவையே முதலில் பாருங்கள்.