ஆசிரியர் பதில்: அப்பாவின் செலவுக் கணக்கு

கேள்வி: வேலை வேலை என்று ஓடும் அப்பாக்கள் குழந்தைகளுடன் பயனுள்ள முறையில் நேரத்தைச் செலவிடுவது எப்படி? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினால் போதும்?

பதில்: ‘போதும்’ என்பதைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முதலில் ‘செலவிடுவது’.

பழந்தமிழில் செலவு என்றால் கிளம்பிப் போவது. காசும் கையைவிட்டுக் கிளம்பிப் போவதால் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது போலும். இதை ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதப்போய், எங்கள் பிழைதிருத்துநர் அந்த இதழில் ‘செலவு’ வந்த இடமெல்லாம் ‘பயணம்’ என்று திருத்திவிட்டார். மாதக் கடைசியில் மருத்துவப் பயணத்தைக் குறைப்பது எப்படி என்று வாசகர்கள் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அவருக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சு சரியில்லை.

சங்கப் பாடல்களில் பொருள் தேடக் கிளம்பும் தலைவன் போக மனமில்லாமல் தயங்கி நிற்பான். அதற்குப் பெயர் செலவழுங்கல். ஆகா, தங்கிவிட்டான் என்று நாம் உருகும் நேரத்தில் தொல்காப்பியர் குறுக்கே வருகிறார். அவன் போகத்தான் போகிறான், தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காக இந்தத் தாமதம் என்று போட்டு உடைத்துவிடுகிறார். உங்கள் கேள்வியிலும் அந்த ஆள் நிற்பது தெரிகிறது. ஒரு கை பிள்ளையின் தலையில், ஒரு கண் கடிகாரத்தில்.

நானும் அப்படி நின்றவன்தான். மகளுக்கு ஆறு வயதில், ஞாயிறு காலை 20 நிமிடம் அவளுக்கு என்று டைரியில் குறித்துவைத்தேன். முதல் ஞாயிறு எழுத்து அட்டைகளோடு போய் உட்கார்ந்தேன். பயன் வேண்டுமே! அவள் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, தான் டாக்டர், அப்பாதான் நோயாளி என்று அறிவித்தாள். “படுங்க. வாயைத் திறங்க. பேசக் கூடாது.” படுத்தேன். தூங்கியே போனேன். விழித்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. இரண்டு காலையும் சேர்த்துத் துண்டால் கட்டு, நெற்றியில் ‘ற’ அட்டை. அடுத்த அறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அப்பா செத்துட்டாங்கம்மா. ரொம்ப நல்லா செத்தாங்க.” அடுத்த ஞாயிறும் அதே வேடம் எனக்குத்தான். டைரியில் ‘பயன்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளையோடு சேர்ந்து எதையாவது செய்வது, கூப்பிட்டால் கிடைக்கும் தூரத்தில் இருப்பது, பொறுப்பைச் சுமப்பது. முதலாவதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பலாம் என்பதால் அதற்கு ஆள் பஞ்சமில்லை. நான் தூங்கிக்கொண்டே செய்தது இரண்டாவது. மூன்றாவதுதான் இடிக்கும். அடுத்த தடுப்பூசி எப்போது, பிள்ளைக்கு யாரோடு சண்டை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருப்பது. உங்கள் பிள்ளையின் செருப்பு அளவு என்ன? மனைவியைக் கேட்காமல் சொல்லுங்கள்.

இனி ‘போதும்’. நார்வேயில் 1993இல் அப்பாவுக்கென்றே 4 வாரம் விடுப்பு ஒதுக்கினார்கள். அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது, எடுக்காவிட்டால் போயே போய்விடும். அதுவரை பிள்ளைக்காக விடுப்பு எடுத்த அப்பாக்கள் வெகு சிலர். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலோர் எடுக்கத் தொடங்கினார்கள். பாசம் திடீரென்று ஊற்றெடுத்ததா? காலாவதித் தேதி ஒட்டினால்தான் நம் ஆண் இனம் அலமாரியைத் திறந்து பார்க்கும்.

எத்தனை மணி நேரம் என்று நான் ஓர் எண்ணைச் சொன்னால், அந்த நிமிடம் வந்ததும் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். சொல்ல மாட்டேன்.

பிழைதிருத்துநர் கவனத்துக்கு: இந்தப் பதிலில் ‘செலவு’ வரும் இடங்களில் கை வைக்க வேண்டாம்.